பாசன முறைச் செய்திகளைச் சங்கத்தின் சொந்தச் சர்வரிலிருந்து அனுப்புதல்

ஏரிப் பாசனமாயினும் வாய்க்காற் பாசனமாயினும், இன்ன மடைக்கு இன்ன நேரத்தில் தண்ணீர் முறை வருகிறதென்று முன்னதாகத் தெரிவிப்பது பாசனதாரர் சங்கத்தின் முதற் கடமைகளுள் ஒன்றாகும். முறை தெரியாதவர் வீட்டில் உறங்கிவிடுகிறார். அவருக்குரிய தண்ணீர் வடிகாலில் ஓடிப்போகிறது. மறுநாள் அவர் அடுத்தவர் முறையிற் கைவைக்கிறார். வரப்பில் வழக்குப் பிறக்கிறது. முற்காலத்தில் நீர்பாய்ச்சி வீடு வீடாகச் சென்று சொல்லி வந்தார். ஊர்ப் பொதுச் செய்திகளுக்குத் தண்டோரா இருந்தது. அவ்வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளும்படி 2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ஜில்லாக் கலெக்டர்களுக்கு எழுதினர், செய்யத்தக்க காரியமே. ஆயினும் ஒலிபெருக்கி ஊருக்குத்தான் கேட்கும். நிலம் இங்கும் குடியிருப்பு வேறூரிலுமாக உள்ள பட்டாதாரர் அநேகர் இருக்கின்றனர்.

ஆகவே இப்பொழுது பல ஊர்களில் சங்கக் காரியதரிசி ஒரு வாட்ஸாப் குழுவை ஏற்படுத்தி அதில் முறைப் பட்டியலைப் படமெடுத்துப் போடுகிறார். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாமாதலால் இடத்திற்குக் குறைவில்லை. குறை வேறு. குழுவில் எல்லோருக்கும் ஒரே செய்திதான் போகும். காலை வணக்கங்களுக்கும், கலியாணப் பத்திரிகைகளுக்கும், கட்சிச் செய்திகளுக்கும் நடுவே முறைப் பட்டியல் மறைந்து போகிறது. தமது பெயரைத் தேடிப் படிக்கக் கண்பார்வை குறைந்த முதியவர்க்கு இயலாது. இதற்கு மாறாக, ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர், மடை, மணி ஆகியவற்றை மட்டும் குறித்துத் தனித்தனியே செய்தி போகுமாறு செய்தால் எவ்வளவு சௌகரியமென்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதைச் சங்கத்தின் சொந்தக் கணினியைக் கொண்டே நடத்துவது எவ்வாறென்பதும், அதில் எது நம் கையிலுள்ளது எது பிறர் கையிலுள்ளது என்பதும் இக்கட்டுரையின் விஷயமாகும்.

ஏ.பி.ஐ. என்பது யாது

ஏ.பி.ஐ. என்னும் எழுத்துக்களைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை. தபாலாபீஸில் விரைவுத் தபால் வாங்கும் ஜன்னலை எல்லோரும் அறிவர். கடிதத்தையும் விலாசத்தையும் உரிய முறையில் நீட்டினால், உள்ளேயிருப்பவர் வாங்கிக்கொண்டு எண்ணிட்ட ரசீது தருகிறார். கடிதம் எந்த ரயிலில் ஏறியது, எந்தப் பையிற் போயிற்று என்பது ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு வேண்டாத விஷயம். ஏ.பி.ஐ. என்பது இத்தகைய ஜன்னலே. ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. அதன் முன்னே வந்து நிற்பது மனிதரன்று, மற்றொரு கணினிப் புரோகிராம். யாருக்கு, என்ன வாசகம் என்ற இரண்டையும் குறித்த வடிவத்தில் அது நீட்டுகிறது. செய்தியின் எண் ரசீதாகத் திரும்பி வருகிறது. பின்னர் அச்செய்தி போய்ச் சேர்ந்ததா, படிக்கப்பட்டதா என்ற தகவலும் அவ்வெண்ணின்பேரிலேயே வரும். அந்த ஜன்னல் பிறருடைய கட்டிடத்திலின்றி நமது கணினியிலேயே திறந்திருக்குமாயின், அதையே சொந்தச் சர்வரில் வைத்த ஏ.பி.ஐ. என்கிறோம்.

வாட்ஸாப் விஷயத்தில் இதற்கு ஒரு சிறு சரித்திரம் உண்டு. 2018 ஆகஸ்டில் அக்கம்பெனியார் வியாபாரிகளுக்கென ஒரு ஏ.பி.ஐ. வெளியிட்டபொழுது, அதை நடத்தும் புரோகிராமையே கொடுத்து, அவரவர் சர்வரில் வைத்துக்கொள்ளச் செய்தனர். 2022 மே மாதத்தில் தங்கள் கணினிகளிலேயே நடக்கும் கிளவுட் ஏ.பி.ஐ.யை எல்லோருக்கும் திறந்துவிட்டனர். அதன் பிறகு பழைய முறையைச் சிறிது சிறிதாகச் சுருக்கி, 2025 அக்டோபரோடு முடித்துவிட்டனர். ஆகையால் கம்பெனியார் கொடுக்கும் புரோகிராமைச் சொந்தச் சர்வரில் நிறுவுவது பற்றிப் பழைய குறிப்புக்கள் எவையேனும் அகப்பட்டால் அவற்றைப் பின்பற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டு வாசல்கள்

இன்று செய்தி வெளியே செல்ல இரண்டு வாசல்கள் உள்ளன. முதலாவது மேற்படி கிளவுட் ஏ.பி.ஐ. இது கம்பெனியாரே அனுமதித்த ராஜபாட்டை. சங்கத்தின் பேரால் கணக்குத் திறந்து, ஒரு டெலிபோன் நம்பரைப் பதிவு செய்து, அனுப்ப விரும்பும் வாசகத்தின் மாதிரியை முன்கூட்டியே எழுதி ஒப்புதல் பெறவேண்டும். மாதிரியில் பெயர், மடை எண், மணி ஆகியவற்றுக்குக் காலியிடம் விடலாம், தமிழிலேயே எழுதலாம். சங்கத்தின் தஸ்தாவேஜுகளைக் காட்டி உறுதிப்படுத்தாத கணக்குக்கு, நாமாகத் தொடங்கி எழுதுவது 24 மணி நேரத்தில் 250 பேருக்கு மிகாமல் இருக்கவேண்டும் என்பது விதி. ஒரு மடைச் சங்கத்துக்கு இது தாராளமாகப் போதும். 2025 ஜூலை முதல் செய்திக்கு இவ்வளவென்று கட்டணம். தகவற் செய்திக்கு ஒரு ரூபாய்க்குள்ளேயே ஆகும். விவசாயி தாமே முதலில் எழுதியிருந்தால், அதுமுதல் 24 மணி நேரத்துக்குள் நாம் எழுதும் பதிலுக்குக் கட்டணமில்லை. இச்சலுகையைச் சங்கங்கள் நன்கு உபயோகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வாசல் இணைப்புக் கருவி முறை. வாட்ஸாப்பை ஒரு போனில் வைத்திருப்பவர், அதே கணக்கை நான்கு கருவிகள் வரை இணைத்துக்கொள்ளலாமென்ற ஏற்பாடு 2021 முதல் உண்டு. வீட்டுக் கணினியில் கியூ.ஆர். கோடு என்னும் கட்டச் சித்திரத்தைப் போனால் படமெடுத்து வாட்ஸாப்பைத் திறப்பது இவ்வகையே. பெயிலீஸ், வாட்ஸ்மியாவ் முதலிய இலவசப் புரோகிராம்கள், தாமும் அத்தகைய ஒரு கருவி போலவே நடித்து அக்கணக்கில் நுழைகின்றன. வாஹா, எவல்யூஷன் ஏ.பி.ஐ. என்னும் புரோகிராம்கள் இவற்றின்மேல் ஒரு ஜன்னலைக் கட்டித் தருகின்றன. கட்டணம் கிடையாது, மாதிரிக்கு ஒப்புதல் வேண்டியதில்லை, அரைமணி நேரத்தில் நிறுவிவிடலாம். பல ஊர்களில் படித்த இளைஞர்கள் இதையே வைத்து நடத்துகின்றனர்.

ஆனால் இது கம்பெனியாரின் நிபந்தனைகளுக்கு மாறானது. தாமாக இயங்கும் புரோகிராம் கொண்டு மொத்தமாகச் செய்தியனுப்புவோர்மீது 2019 டிசம்பர் 7 முதல் சட்ட நடவடிக்கையும் எடுப்பதாக அவர்கள் பகிரங்கப்படுத்தியுள்ளனர். வழக்குக்குப் போகாவிடினும் நம்பரைத் தடுத்துவிடுவது அவர்களுக்கு ஒரு நிமிஷ வேலை. நமது தேசத்தில் அவர்கள் மாதந்தோறும் வெளியிட்டுவந்த அறிக்கைகளைப் பார்த்தால், தடுக்கப்பட்ட கணக்குகளின் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் இருப்பதைக் காணலாம். நான் அறிந்த ஒரு சங்கத்தில், குறுவை நடவு முடிந்து மடை திறந்த இரண்டாம் நாள், நானூறு பேருக்குப் பத்து நிமிஷத்தில் செய்தி அனுப்பினர். பெற்றவர்களிற் பாதிப் பேர் அந்நம்பரைத் தம் போனிற் குறித்து வைக்காதவர்கள். அவர்களில் சிலர் வேண்டாத விளம்பரமென்று எண்ணிப் புகார்ப் பொத்தானை அழுத்தினர். பொழுது சாயுமுன் நம்பர் செத்துவிட்டது. மறு முறைக்கு யாரிடமும் பட்டியல் இல்லை. ஏனெனில் பட்டியலும் அந்தப் போனுக்குள்ளேயே இருந்தது.

இன்னுமொன்று. வாட்ஸாப் போன்றவை போனிலுள்ள ஸிம்முடன் இடைவிடாது பிணைந்திருக்க வேண்டுமென்றும், கணினியில் திறந்த இணைப்பை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் வெளியேற்றி மறுபடி கோடு காட்டச் செய்யவேண்டுமென்றும் 2025 நவம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு இலாகா கம்பெனிகளுக்கு உத்தரவு பிறப்பித்தது. மோசடிகளைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆனால் நாளைக்கு நான்கு தடவை ஒருவர் வந்து கோடு காட்டவேண்டுமாயின், தானே நடக்கும் சர்வர் என்பதற்கே பொருளில்லாது போகும். இரண்டாம் வாசலை நம்பி முழுச் சங்கத்தின் தண்ணீரையும் கட்டிவைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். இலாகா ஊழியன் என்ற முறையில் நான் சிபாரிசு செய்யக்கூடியது முதல் வாசலையே. இரண்டாவதைப் பற்றிச் சொல்லுவது, ஏற்கெனவே அது பலரிடம் இருப்பதனாலும், அதன் இயல்பை அறியாமல் வைத்திருப்பது அபாயமென்பதனாலுமே.

நம்முடையதாக இருக்கவேண்டியது

வாசல் எதுவாயினும் அது பிறருடையது. அது எந்நேரமும் அடைபடலாம். ஆனால் பதிவேடு, முறைக் கணக்கு, அனுப்பிய செய்திகளின் குறிப்பு ஆகிய மூன்றும் சங்கத்தின் கணினியில் இருந்தால், ஒரு வாசல் மூடியதும் மற்றொன்றைத் திறந்துகொள்ளலாம். எனவே நாம் நிறுவும் ஜன்னலை இவ்வாறு அமைக்கவேண்டும்: முன்புறத்தில் முறைக் கணக்குப் புரோகிராம் நம்பரையும் வாசகத்தையும் மாத்திரம் நீட்டும், அதை வாங்கும் நமது சிறு ஏ.பி.ஐ., அன்றைக்கு எந்த வாசல் திறந்திருக்கிறதென்று ஒரு குறிப்பில் பார்த்து அவ்வழியே தள்ளும். வாசல் மாறினால் அக்குறிப்பில் ஒரு வரியை மாற்றினாற் போதும்; பதிவேட்டையோ முறைக் கணக்கையோ தொடவேண்டியதில்லை. கணினிப் படிப்புப் படித்த பையன் ஒருவன் ஊரில் இருந்தால் இரண்டு நாளில் எழுதிக் கொடுத்துவிடுவான். அவன் பட்டணம் போய்விட்ட பிறகும் புரியும்படி, எழுதியதன் பிரதியும் விளக்கமும் காகிதத்தில் சங்கத்திடம் இருக்கட்டும்.

மூன்றாவது வாசலாக டெலிகிராமைச் சொல்லலாம். அதில் பாட் என்னும் தானியங்கிக் கணக்குகளுக்குக் கம்பெனியாரே 2015 முதல் இடமளித்துள்ளனர், கட்டணமில்லை, நிபந்தனை மீறுவதுமில்லை. பாட் தானாக ஒருவருக்கு முதலில் எழுத முடியாது. அவரே ஒரு தடவை வந்து தொடங்கு பொத்தானை அழுத்தவேண்டும். ஒரு விதத்தில் இது நல்லதே, சம்மதம் தானாகவே கிடைத்துவிடுகிறது. நம் கிராமங்களில் டெலிகிராம் வைத்திருப்போர் குறைவு என்பதுதான் தடை. சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்புவதாயின், 2018-ஆம் வருஷத்து ஒழுங்குமுறைப்படி அனுப்புவோர் பெயரையும் வாசக மாதிரியையும் டெலிபோன் கம்பெனிகளின் பதிவேட்டில் முன்னதாகப் பதியவேண்டும். வேலை அதிகம், எனினும் சாதாரணப் பொத்தான் போன் வைத்திருப்பவரை எட்டுவது அது ஒன்றுதான்.

வேண்டிய சாமான்களும் நிறுவும் விதமும்

பெரிய யந்திரம் தேவையில்லை. ஆபீஸில் கழித்துவைத்த, 4 ஜி.பி. ஞாபகசக்தியுள்ள மேஜைக் கணினி போதும். ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினியும் போதும். மின்சாரமும் மிகக் குறைவாகவே தின்னும். லினக்ஸ் வகையில் டெபியன் அல்லது உபுண்டுவை நிறுவி, அதன்மேல் டாக்கர் என்னும் புரோகிராமைப் போடவேண்டும். டாக்கர் என்பது, ஒரு புரோகிராமை அதற்கு வேண்டிய சகல சாமான்களோடும் ஒரே பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கும் சாதனம். பெட்டிக்குள்ளிருப்பது பெட்டியோடு போய்விடும். ஆகையால் கணக்கின் இணைப்பு விவரங்களும் பதிவேடும் பெட்டிக்கு வெளியே கணினியின் ஒரு பெட்டகத்தில் சேருமாறு கட்டளையில் குறிப்பிடவேண்டும். இதைச் செய்யாதவர்கள், பெட்டியை நீக்கி வேறு பெட்டி இறக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோடு காட்டிக்கொண்டிருப்பார்கள். மின்சாரம் வந்தவுடன் தானே மறுபடி கிளம்பும்படியும் கட்டளையிலேயே எழுதிவிடலாம். கணினிக்கு மாத்திரமன்றி இன்டர்நெட் பெட்டிக்கும் சேர்த்து யு.பி.எஸ். வைக்கவேண்டும்; கணினி விழித்திருந்து கம்பி உறங்கினால் என்ன பயன்?

சங்கத்துக்கெனத் தனி ஸிம் வாங்குக. காரியதரிசியின் சொந்த நம்பரையோ, கிராம நிர்வாக அலுவலரின் நம்பரையோ ஒருபோதும் இதற்குக் கொடுக்கலாகாது. இணைப்பு முறையில் சேரும் கணினி, அந்த நம்பருக்கு வரும் சகல செய்திகளையும் படிக்க வல்லது. குடும்ப விஷயங்களும் ஆபீஸ் விஷயங்களும் அதில் அடங்கும். ஸிம் இருக்கும் போனைப் பீரோவிற் பூட்டி வைத்துவிடவும் கூடாது. போனிலுள்ள வாட்ஸாப்பைப் பதினான்கு நாட்களுக்குத் திறவாதிருந்தால் இணைந்த கருவிகள் யாவும் வெளியேற்றப்படும். வாரத்துக்கு ஒருநாள், சந்தை நாளென்று வைத்துக்கொண்டு திறந்து பார்ப்பது நல்ல வழக்கம். ரீசார்ஜ் தவறினால் நம்பரே போய்விடும் என்பதையும் சங்கக் கணக்கு எழுதுபவர் மறக்கலாகாது.

புரோகிராமை எங்கிருந்து பெறுகிறோம் என்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். பெயிலீஸைப் போலவே தோற்றமும் நடத்தையும் கொண்ட லோட்டஸ்பெயில் என்னும் போலிப் பொருள் ஒன்று பொதுக் களஞ்சியத்தில் இருந்து, பல ஆயிரம் தடவை இறக்கிக்கொள்ளப்பட்டபின், 2025 டிசம்பரில் அதன் சூது வெளிப்பட்டது. சொன்ன வேலையைச் செவ்வனே செய்துகொண்டே, செய்திகளையும் தொடர்பு நம்பர்களையும் திருடனுக்கு அனுப்பிவந்தது. திருடனுடைய கருவியையும் அக்கணக்கோடு இணைத்துவிட்டது. புரோகிராமை நீக்கினாலும் அவ்விணைப்பு நிற்கும். போனிலுள்ள இணைந்த கருவிகள் பட்டியலைப் பார்த்து நீக்கினாலன்றிப் போகாது. விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்ப்பதுபோல, இதிலும் மூலவரின் பக்கத்திலிருந்தே, பெயரின் ஒவ்வோரெழுத்தையும் ஒத்துப் பார்த்து எடுக்கவேண்டும்.

ஜன்னலுக்கு ஒரு சாவி உண்டு. அது நீண்ட எழுத்துக்கோவை. செய்தியனுப்ப வரும் புரோகிராம் அதைக் காட்டினால்தான் ஜன்னல் திறக்கும். சாவி போடாமலோ, 'சங்கம்123' போன்ற சாவியைப் போட்டோ ஜன்னலை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டால், யாரோ ஒருவர் சங்கத்தின் பேரால் செய்தி அனுப்புவார். இது வெறும் பயமுறுத்தலன்று. ‘நாளை முறை ரத்து’ என்று ஒரே ஒரு பொய்ச் செய்தி இரவு ஒன்பது மணிக்குப் போனால் கடைமடைக்காரர் பயிர் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆகவே ஜன்னல் அக்கணினிக்குள்ளேயே திறந்திருக்கட்டும். வெளியிலிருந்து யாருக்கும் வழி வேண்டாம். முறைக் கணக்குப் புரோகிராமும் அதே கணினியில் இருக்கும்போது வெளிவழிக்கு அவசியமே இல்லை. கிளவுட் ஏ.பி.ஐ.யில் செய்தி போய்ச் சேர்ந்த தகவலும் பதிலும் நம்மிடம் வருவதற்கு மாத்திரம் வெளியே ஒரு சிறு துவாரம் வேண்டும். அதைப் பூட்டிட்ட விலாசமாகவே வைத்து, வருவது கம்பெனியாரிடமிருந்துதானா என்று கையொப்பத்தைச் சரிபார்த்துப் பின் ஏற்கவேண்டும்.

பதிவேடு

வேலையின் கனமான பாகம் இதுவே. கணினி நிறுவ ஒருநாள் போதும். பதிவேடு திருத்த ஒரு மாதம் பிடிக்கும். மடை எண், சாகுபடி செய்பவர் பெயர், போன் நம்பர், ஏக்கர் சென்ட், முறையின் வரிசை எண், செய்தி பெறச் சம்மதித்த தேதி ஆகியவை கலங்களாக இருக்கவேண்டும். பட்டாவில் உள்ள பெயருக்கு அனுப்புவதா, பயிரிடும் குத்தகைதாரருக்கு அனுப்புவதா என்பதைச் சங்கம் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். தண்ணீர் கட்டுபவருக்கே அனுப்பவேண்டுமென்பது என் அபிப்பிராயம். பட்டாதாரர் விரும்பினால் அவருக்கும் ஒரு பிரதி போகட்டும். காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலேயே பட்டா நிற்கும் இடங்களில் இது இன்னும் அவசியம். நம்பரைத் தேசக் குறியீடான 91-ஐ முன்வைத்துப் பன்னிரண்டு இலக்கமாக எழுதுக. கூட்டற்குறியோ முன்னே பூஜ்யமோ இடைவெளியோ வந்தால் சில ஜன்னல்கள் ஏற்காமற் போகலாம், அல்லது செய்தி தவறான இடத்துக்குப் போகலாம்.

நம்பரைக் கொடுத்தவரெல்லாம் எல்லாச் செய்திக்கும் சம்மதித்தவராகார். 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் வெளியான அதன் விதிகளும், ஒரு காரியத்துக்கென்று பெற்ற விவரத்தை அக்காரியத்துக்கே உபயோகிக்கவேண்டுமென்ற நெறியை வகுத்துள்ளன. முறைச் செய்திக்கென்று வாங்கிய நம்பருக்கு உரக்கடை விளம்பரமோ தேர்தல் செய்தியோ அனுப்புவது தகாது. ‘வேண்டாம்’ என்று பதில் போட்டவரைப் புரோகிராம் தானே நீக்கிவிடுமாறு அமைக்கலாம். அவருக்கு நீர்பாய்ச்சி நேரிற் சொல்லட்டும். கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை: வருவாய்க் கணக்குகளில் வேறு காரியத்துக்காகக் குறித்த நம்பர்களை எடுத்துச் சங்கத்துக்குக் கொடுப்பது சரியன்று, சங்கமே வீடு வீடாகக் கேட்டு வாங்கட்டும். அவ்வாறே, சட்டப்படி சார்வு செய்யவேண்டிய நோட்டீசுக்கு வாட்ஸாப்பில் இரண்டு குறி விழுந்ததைப் பதிலாகக் காட்டவும் கூடாது.

நேரக் கணக்கு

செய்திகளை ஒரேயடியாகக் கொட்டலாகாது. இரண்டாம் வாசலில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே சராசரி 40 வினாடி, அதுவும் ஒரே சீராகவன்றிக் கூடியும் குறைந்தும் விடுவது வழக்கம். 300 பேருக்கு அவ்வாறு அனுப்பினால் 12,000 வினாடி, அதாவது 3 மணி 20 நிமிஷம் பிடிக்கும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் கடைசி ஆளுக்கு இரவு 9-20 ஆகிவிடும், அவர் உறங்கியிருப்பார். ஆனால் 300 பேருக்கும் அனுப்புவதே அநாவசியம். ஏக்கருக்கு அரைமணி வீதம் முறை வைத்தால் ஒரு நாளில் 48 ஏக்கருக்குத்தான் தண்ணீர் கட்டலாம். தலைக்கு 2 ஏக்கரென்றால் 24 பேர். நாளைக்குரிய அந்த 24 பேருக்கு மாத்திரம் மாலை நான்கு மணிக்கு அனுப்பினால் 16 நிமிஷத்தில் முடிந்துவிடும். குழுவைவிட ஏ.பி.ஐ. மேலானது என்று சொல்வதற்குள்ள முக்கிய காரணம் இதுதான். முதல் வாசலில் இவ்வளவு இடைவெளி வேண்டுவதில்லை. எனினும் 24 பேருக்கு அனுப்புவதே போதுமானபோது 300 பேருக்குக் கட்டணம் கொடுப்பானேன்?

வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். ‘திரு. — அவர்களுக்கு. 7-ஆம் மடை. நாளை செவ்வாய் காலை 4 மணி முதல் 5 மணி வரை தங்கள் முறை. தங்களுக்கு முன் முறை 6-ஆம் வரிசை, பின் முறை 8-ஆம் வரிசை. தெரிந்துகொண்டால் 1 என்று பதில் அனுப்பவும்.’ இவ்வளவே. பதில் கேட்பதால் மூன்று பலன் உண்டு. பார்த்தவர் யார், பாராதவர் யார் என்று தெரியும். இருவழிப் பேச்சு நடக்கும் நம்பரைக் கம்பெனியார் சந்தேகிப்பது குறையும். முதல் வாசலில் கட்டணமில்லா நேரமும் திறக்கும். மாலை ஏழு மணிக்குள் 1 என்று பதில் வராதவர் பட்டியலைப் புரோகிராம் நீர்பாய்ச்சியின் போனுக்கு அனுப்பினால், அவர் அந்த நாலைந்து பேர் வீட்டுக்கு மாத்திரம் போய்வந்தாற் போதும். வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் அவர்களை முதலிலேயே இப்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டிய அபாயம் ஒன்றுண்டு; நிறுவுபவர்கள் பெரும்பாலும் இதை எண்ணுவதில்லை. இணைப்பு அறுந்திருக்கும்போது ஜன்னலில் நீட்டிய செய்திகள் வரிசையிற் காத்திருக்கும். மறுநாள் இணைப்பு வந்ததும் அவை யாவும் கிளம்பிப் போகும். நேற்று மாலை அனுப்பியிருக்கவேண்டிய ‘நாளை 4 மணி’ என்ற செய்தி இன்று மத்தியானம் போய்ச் சேர்ந்தால், வாங்கியவர் அதை நாளையென்றே எண்ணிக்கொள்வார். ஆகையால் நாளை என்ற சொல்லோடு தேதியையும் கட்டாயம் எழுதவேண்டும். அன்றியும், குறித்த நேரத்திலிருந்து இரண்டு மணிக்கு மேற்பட்டுக் காத்திருந்த செய்தி எதையும் அனுப்பாது தள்ளிவிட்டு, தள்ளியதைக் காரியதரிசிக்குத் தெரிவிக்குமாறு புரோகிராமில் எழுதிவைக்கவேண்டும்.

செத்த யந்திரம் தான் செத்ததைச் சொல்லாது. தினந்தோறும் காலை ஐந்து மணிக்கு ‘நடக்கிறது’ என்று ஒரு வார்த்தை காரியதரிசிக்கும் தலைவருக்கும் வரும்படி செய்துவைத்தால், வராத நாளில் காரணம் தேடலாம். அனுப்பிய நேரம், சேர்ந்த நேரம், பதில் ஆகியவற்றை ஒவ்வொரு வாரமும் அச்சிட்டுச் சங்க நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுவதும் உபயோகமானது. முறை பற்றிய தகராறு வரும்போது வாய்வார்த்தையைவிட இது மேல்.

தொடங்கும் காலமும் முடிக்கும் விதமும்

மடை திறக்கும் வாரத்தில் புதிதாக நிறுவுவது உசிதமன்று. கோடையில், வேலை ஓய்ந்த காலத்தில் நிறுவி, நிர்வாகக் கமிட்டியார் பத்துப் பேருக்கு மாத்திரம் பதினைந்து நாள் அனுப்பிப் பார்க்கலாம். வேண்டுமென்றே ஒருநாள் மின்சாரத்தை நிறுத்தியும், மற்றொரு நாள் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கியும் சோதிக்க. ஒருநாள் வாசலை மாற்றி டெலிகிராம் வழியே அனுப்பிப் பார்க்க. தண்ணீர் வந்த பிறகும் முதல் இரண்டு முறைகளுக்கு ஒலிபெருக்கியும் நீர்பாய்ச்சியும் பழையபடியே நடக்கட்டும். மேற்படி சங்கத்தில் நம்பர் செத்தபொழுது ஊரைக் காப்பாற்றியது நீர்பாய்ச்சியின் நினைவே. முறை வரிசை முழுவதையும் அவர் மனப்பாடமாகச் சொன்னார். அத்தகையவரைக் கொண்டே பதிவேட்டின் வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும். அவருக்குரிய கூலி நெல்லைக் கணினி வந்துவிட்டதென்று குறைக்க நினைப்பவர்களுக்கு இந்த யந்திரம் வேண்டாம்.

எப்பொழுதேனும் அந்த ஸிம்மைக் கைவிட நேர்ந்தால், முதலில் போனில் இணைந்த கருவிகளனைத்தையும் நீக்கி, வாட்ஸாப் கணக்கையும் அழித்து, புது நம்பரை எல்லோர்க்கும் தெரிவித்து, அதன் பின்னரே ஸிம்மை விடவேண்டும். கைவிட்ட நம்பரைச் சில காலத்துக்குப் பின் டெலிபோன் கம்பெனியார் வேறொருவருக்குக் கொடுப்பர். அவர் எழுதும் செய்தி, நம் விவசாயிகள் போனில் சங்கத்தின் பேராலேயே தோன்றும்.